சிடுமூஞ்சி ஹீரோவை ஏன் பிடிக்கிறது? விளையாட்டுக் காதல் நாவல்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

விளையாட்டு வீரனை நாயகனாக வைத்து எழுதும் காதல் நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "பெண்களுக்கு எரிந்து விழுகிறவனைத்தான் பிடிக்கும்போல" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வாசிக்காதவர்கள் சொன்னால் போகட்டும் என்று விடலாம். வாசிக்கிறவர்களுக்கே "இந்த முசுட்டுப் பயலை எனக்கு ஏன் பிடிக்கிறது?" என்று ஒரு கூச்சம் இருக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை. வாசகரை இழுப்பது அந்த நாயகனின் கோபம் என்று நினைப்பதில்தான் பிசகு. கோபத்தை வைத்துக்கொண்டு கதை ஒரு வேலை செய்கிறது. வாசகர் அந்த வேலைக்குத்தான் வசப்படுகிறார்.

அது எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுகளுக்குக் குமரி மேற்குக் கடற்கரையையும் அதை ஒட்டிய கேரளப் பகுதியையும் எடுத்துக்கொள்ளலாம். தூத்தூரிலிருந்து நீரோடி வரைக்கும், எல்லை தாண்டிப் பொழியூரிலும், மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்து வரைக்கும் போயிருக்கிறார்கள். பந்துக்காரன் வீட்டில் எப்படி இருப்பான், தோற்றுவிட்டு வந்த ராத்திரி எப்படி இருப்பான் என்று அந்த ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதலில், இது என்ன வகைக் கதை

காதலர் இருவரில் ஒருவராவது விளையாட்டில் வாழ்கிறவராக இருந்து, கதையின் மையம் காதலாக இருந்தால் அது விளையாட்டுக் காதல் நாவல். அமெரிக்காவில் 1980இல் தொடங்கிய ‘ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற எழுத்தாளர் சங்கம் காதல் நாவலுக்கு இரண்டே அடையாளங்கள் சொன்னது. காதல்தான் கதையின் நடுத்தண்டு. முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிடுமூஞ்சி ஹீரோ தாங்கி நிற்பதே அதன்மேல்தான்.

ஆங்கிலத்தில் இன்று இவ்வகை நாவல்களில் முன்னால் நிற்பது ஐஸ் ஹாக்கி. பனித்தரையில் சறுக்கியபடி ஆடும் ஹாக்கியை நம் பக்கத்தில் நேரில் பார்த்தவர்கள் குறைவு. ஆனாலும் அந்த நாவல்களைச் செல்போனில் தேடிப் படிக்கும் பெண்கள் மார்த்தாண்டத்திலும் பாறசாலையிலும் உண்டு.

இவற்றில் அடிக்கடி வரும் ஓர் அமைப்புக்கு ‘கிரம்பி–சன்ஷைன்’ என்று பெயர். ஒருவர் எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர், மற்றவர் கலகலப்பானவர். இப்படி வாசகர் முன்கூட்டியே அறிந்து, அதையே தேடி வந்து படிக்கும் கதை அமைப்பை ‘ட்ரோப்’ என்கிறார்கள். இந்த ட்ரோப் நேற்று முளைத்ததில்லை. 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் டார்சி, நடன விருந்தில் யாரோடும் பேசாமல் விறைத்து நின்று, நாயகியைப் பற்றி அவள் காதுபடவே மட்டமாகச் சொன்னவன்தான். இன்றைய ஹாக்கி நாவல்களின் கேப்டன்கள் பலரும் அவனுடைய பேரப்பிள்ளைகள்.

களியக்காவிளை பஸ்ஸில் ஒரு கண்டக்டர்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சில்லறை இல்லையென்றால் கத்துவார். படியில் நிற்கிறவனைத் திட்டுவார். யாராவது வழி கேட்டால், "எழுதி ஒட்டியிருக்கு, பாக்க மாட்டீங்களா?" என்பார். அந்த பஸ்ஸில் ஒரு நாள் மீன் கூடையோடு ஒரு பாட்டி கை காட்டுகிறார். மீன் கூடை என்றாலே நிறுத்தாமல் போகிற வண்டிகள் உண்டு. வாடை அடிக்கிறது என்று பயணிகள் முணுமுணுப்பார்கள். இந்த மனிதர் விசில் கொடுத்து வண்டியை நிறுத்துகிறார். கூடையைத் தானே வாங்கி உள்ளே வைக்கிறார். முணுமுணுத்தவரைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறார். பாட்டி உட்காரும்வரை அடுத்த விசில் இல்லை. பிறகு அதே கடுகடுப்போடு, "டிக்கெட், டிக்கெட்."

இதையே எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசும் கண்டக்டர் செய்திருந்தால் நாம் கவனித்திருக்கவே மாட்டோம். நல்ல மனிதர், நல்லது செய்தார், அவ்வளவுதான். இவர் செய்ததால் மனதில் நின்றுவிட்டது. அதற்காக இவர் கத்தியது நமக்குப் பிடித்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. கத்தல் இருந்ததால், கூடையை வாங்கிய கை பளிச்சென்று தெரிந்தது.

சிடுமூஞ்சி ஹீரோவின் அடிப்படைச் சூத்திரம் இதுதான். பேச்சு கடுகடு, செயல் கனிவு. இரண்டும் முரண்படும்போது வாசகர் செயலை நம்புகிறார்.

உள்ளே இயங்கும் மூன்று சக்கரங்கள்

முதலாவது, விலை. இனிய சொல்லுக்குச் செலவில்லை. யாரும் யாரிடமும் சொல்லலாம். நேரத்தையோ, தூக்கத்தையோ, கௌரவத்தையோ கொடுத்துச் செய்யும் காரியத்துக்குச் செலவுண்டு. செலவு செய்து காட்டும் அடையாளத்தைப் போலியாகச் செய்வது கடினம் என்பதால் அதை நம்பலாம் என்று விலங்கியலாளர் அமோட்ஸ் சஹாவி 1975இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மயில் தோகையைப் பற்றிப் பேசும்போது இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். பேசத் தெரியாத நாயகனுக்குக் கதாசிரியர் சொல் என்ற மலிவான வழியை அடைத்துவிடுகிறார். அவன் எதைக் காட்ட வேண்டுமென்றாலும் செலவழித்துத்தான் காட்ட வேண்டும். ஆகவே அவன் காட்டும் ஒவ்வொன்றும் உறுதியான சான்றாகிவிடுகிறது.

இரண்டாவது, திருப்பம். 1965இல் எலியட் ஆரன்சன், டார்வின் லிண்டர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பங்கேற்றவரைப் பற்றி இன்னொருவர் தொடர்ச்சியாகப் பேசுவதை, அவரே ஒட்டுக்கேட்கும்படி செய்தார்கள். தொடக்கம் முதல் புகழ்ந்தவரைவிட, முதலில் குறை சொல்லி மெல்ல மெல்லப் புகழ்ச்சிக்கு வந்தவரைத்தான் பங்கேற்றவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. எல்லோரையும் பாராட்டுகிறவரின் பாராட்டில் நம் பங்கு எவ்வளவு என்று தெரியாது. பிடிவாதக்காரர் மனம் மாறினால், அந்த மாற்றத்துக்குக் காரணம் நாம்தான் என்று தோன்றுகிறது. ஆய்வுக்கூட முடிவை அப்படியே கல்யாணப் பேச்சுக்கு எடுத்துப்போகக் கூடாது. கதை படிக்கும் சுகத்துக்கு இது பெருமளவு பொருந்துகிறது.

மூன்றாவது, உள்பார்வை. பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இன்றைய விளையாட்டுக் காதல் நாவல்கள் மிகப் பலவும் ‘இரட்டைப் பார்வை’யில் எழுதப்படுகின்றன. ஓர் அத்தியாயம் அவள் சொல்வது, அடுத்தது அவன் சொல்வது. வெளியே "ம்" என்று ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொண்டவன், உள்ளே அந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் ஒரு பக்கம் தவிப்பதை வாசகர் படித்துவிடுகிறார். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அவன் முறைக்கும்போது அவள் பயப்படுகிறாள், நமக்குச் சிரிப்பு வருகிறது.

முன்பு இப்படி இருக்கவில்லை. பழைய காதல் நாவல்கள் பலவற்றில் நாயகி பக்கம் மட்டும்தான் திறந்திருக்கும். அவன் ஏன் கடுகடுக்கிறான் என்பது கடைசியில்தான் தெரியும். அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, ஓர் ஊரின் காதல் நாவல் வாசகிகளோடு பேசி 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். கடைசியில் வெளிப்படும் அன்பை வைத்து நாயகனின் தொடக்கக் கடுமைக்கு அந்த வாசகிகள் பின்னோக்கிப் போய் வேறு அர்த்தம் கொடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. நிஜமாகவே கொடுமை செய்யும் நாயகன் வரும் புத்தகங்களை அவர்கள் விரும்பவில்லை என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பின்னோக்கிய வேலையை இன்று இரட்டைப் பார்வை உடனுக்குடன் செய்து கொடுக்கிறது.

இதோடு எழுத்தாளர் சங்கம் சொன்ன இரண்டாவது அடையாளத்தைச் சேர்த்துப் பாருங்கள். முடிவு நன்றாக இருக்கும் என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே உத்தரவாதம் உண்டு. நிஜ வாழ்க்கையில் எரிந்து விழுகிற ஒருவன் நாளை திருந்துவான் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அவன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று படித்துப் பார்க்கவும் வழியில்லை. கதையில் இரண்டும் கையில் இருக்கின்றன. ஒரு பெண் இந்த நாவல்களை ரசிப்பதை வைத்து, அவள் வாழ்க்கையிலும் அப்படிப்பட்டவனைத் தேடுகிறாள் என்று முடிவு கட்டுவது அதனால்தான் தவறு.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கடுகடுப்பு சொல்லை அடைக்கிறது, செயல் செலவோடு வருகிறது, அவன் மனம் வாசகருக்குத் திறந்திருக்கிறது, முடிவு பத்திரமாக இருக்கிறது.

விளையாட்டு எதற்கு?

ஆபீஸ் முதலாளியும் கடுகடுக்கலாமே, விளையாட்டுக்காரன் ஏன்? ஆபீஸ் முதலாளியின் சிடுசிடுப்புக்குக் கதை ஒரு காரணம் தேடி அலைய வேண்டும். விளையாட்டுக்காரனுக்குக் காரணங்கள் உடம்பிலேயே எழுதியிருக்கின்றன.

ஐஸ் ஹாக்கியை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஒரு வீரர் ஒரு தடவை இறங்கினால் ஏறக்குறைய 45 வினாடி முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்குவார், மறுபடி இறங்குவார். வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். என்ற தொழில்முறைப் போட்டியில் ஓர் அணிக்கு ஒரு பருவத்துக்கு 80க்கும் மேற்பட்ட ஆட்டம், அதில் பாதி வெளியூரில். மைதானத்தில் கைகலப்பு செய்தால் 5 நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் உட்கார வேண்டும். அதன்பின் திரும்பி வந்து ஆடலாம். கோபத்துக்கு விதிப்புத்தகத்திலேயே ஓர் அளவும் ஒரு நாற்காலியும் ஒதுக்கியிருக்கும் விளையாட்டு அது. இதற்குமேல், ஒரு வீரரை இன்னொரு ஊர் அணிக்கு மாற்றிவிட நிர்வாகம் நினைத்தால், பெரும்பாலான வீரர்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான். வேர் பிடிக்கவே பயப்படுகிற ஒருவன், யாரோடும் ஒட்டாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

நம் பக்கம் இதற்கு இணையாக எழுத வேண்டுமென்றால் செவன்ஸ் கால்பந்து போதும். மலப்புறம், பாலக்காடு பக்கம் பேர்போன ஆட்டம் அது. பக்கத்துக்கு ஏழு பேர், சிறிய மைதானம், ராத்திரி விளக்கு வெளிச்சம், தற்காலிகமாகக் கட்டிய கேலரி. மழை விட்டதும் தொடங்கி அடுத்த மழைக்கு முன் முடியும் பருவம். பெரும்பாலும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசி வருகிறவர்கள். பருவம் சூடு பிடித்தால் இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர். மைதானம் சிறியது என்பதால் மோதல் அதிகம். கால் போனால் அன்றோடு வரும்படி போச்சு. 31 வயதான ஒரு ஸ்டாப்பருக்கு (கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுபவர்), வலது முழங்கால் காலையில் மடங்க அரை மணி நேரம் ஆகிறது என்று எழுதினாலே போதும். அவன் ஏன் யாரிடமும் சிரித்துப் பேசுவதில்லை என்று தனியாக விளக்க வேண்டாம்.

விளையாட்டு இன்னொன்றும் தருகிறது: ஒழுங்கு. விடியற்காலை ஓட்டம், அளவான சாப்பாடு, காலில் டேப் சுற்றும் வரிசை. முசுடாக இருந்தாலும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பவன் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. காதலில் நம்பகத்தன்மைக்கு இதைவிடப் பெரிய முன்னோட்டம் கிடையாது. சோம்பேறியாகவும் சிடுமூஞ்சியாகவும் ஒருவன் இருந்தால் அவனை யாரும் நாயகனாக ஏற்கமாட்டார்கள்.

ஒரு காட்சியைப் பிரித்துப் பார்ப்போம்

பூவாறில் ஒரு செவன்ஸ் போட்டி. அவன் வள்ளவிளைக்காரன், ஸ்டாப்பர். அவள் களியக்காவிளையிலிருந்து வந்து, போட்டி நடத்தும் கமிட்டிக்காக மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறி மைக்கில் வர்ணனை செய்கிறாள். ஆட்டம் முடிய ராத்திரி 11 தாண்டிவிட்டது. கடைசி பஸ் போய்விட்டது. அவள் போனைப் பார்த்துக்கொண்டு கேட்டருகே நிற்கிறாள். அவன் முழங்காலில் ஐஸ் கட்டியபடி டீம் ஜீப்பில் ஏறப்போகிறான்.

"வண்டி களியக்காவிள வழியாத்தான் போவுது. ஏறுங்க."

"உங்களுக்கு அது சுத்து இல்லியா?"

"டீசல் அடிக்கணும்."

பின்சீட்டில் இருக்கிற சின்னப் பையன், "அண்ணே, டீசல் சாயங்காலமே…" என்று வாய் திறக்கிறான். ஸ்டாப்பர் திரும்பிப் பார்க்கிறான். பையன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். களியக்காவிளை வரை ஒரு பேச்சில்லை. அவள் இறங்கியதும், வீட்டுக் கதவு திறக்கும்வரை ஜீப் கிளம்பவில்லை.

பூவாறிலிருந்து வள்ளவிளைக்குப் பொழியூர், நீரோடி வழியே கடலை ஒட்டியே போய்விடலாம். களியக்காவிளை அந்த வழியில் இல்லை, உள்நாட்டுப் பக்கம். அந்த வட்டாரம் தெரிந்த வாசகர் முதல் வரியிலேயே பொய்யைப் பிடித்துவிடுவார். தெரியாதவருக்குப் பையனின் வாய் காட்டிக்கொடுக்கிறது. அவனோ வலிக்கிற காலோடு நடுராத்திரியில் சுற்றுவழி போகிறான். அது அவன் செலவு. நன்றி சொல்லக்கூட அவளுக்கு இடம் வைக்கவில்லை. அது அவன் சுபாவம். "ஏறுங்க" என்கிறான், "ஏறு" என்று சொல்லவில்லை. முன்பின் பழகாத பெண்ணிடம் அந்த மரியாதை விகுதி ஒன்றே, இவன் முரடனா முசுடா என்று பிரித்துக் காட்டிவிடுகிறது.

இதே காட்சியில் ஒரே ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். "இந்த நேரத்துல பொம்பளைக்கு மைக் எதுக்கு? ஏறு வண்டியில." ஜீப் அதே, சுற்றுவழி அதே, உதவியும் அதே. ஆனால் நாயகன் செத்துவிட்டான். அவள் வேலையை மட்டம் தட்டி, அவளை ஏவுகிற ஒருவனாக மாறிவிட்டான். பின்னால் எத்தனை அத்தியாயம் உருகினாலும் இந்த வரியை வாசகர் மறக்கமாட்டார்.

முசுடு வேறு, கொடுமை வேறு

தமிழில் இணையத் தொடர்களாக வரும் காதல் கதைகளில் ‘ஆன்ட்டி ஹீரோ’ என்ற பெயரில் ஒரு வகை உண்டு. கடத்தல், கட்டாயத் தாலி, பழிவாங்கக் கல்யாணம். சிடுமூஞ்சி ஹீரோவை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பிரித்தறிய ஒரு சோதனை போதும்: தன்னைவிட எளியவரிடம் அவன் எப்படி நடக்கிறான்? பந்து பொறுக்கும் சிறுவன், ஜெர்சி துவைக்கும் அக்கா, டீம் ஜீப் டிரைவர், வீட்டில் வயதான அம்மா. நல்ல சிடுமூஞ்சி கமிட்டி செயலாளரிடமும் பத்திரிகைக்காரரிடமும் எரிந்து விழுவான். பந்து பொறுக்கும் சிறுவனிடம் விழமாட்டான். மேல்நோக்கிப் பாயும் கோபத்தை வாசகர் ரசிப்பார். கீழ்நோக்கிப் பாய்ந்தால் மன்னிக்கமாட்டார்.

இன்னொரு குழப்பம், இதை ஊடலோடு சேர்ப்பது. "நம் இலக்கியத்தில் இல்லாததா, ஊடல்தானே இது" என்று சிலர் சொல்கிறார்கள். ஊடல், காதல் உறுதியான இருவருக்குள் வருவது. திருக்குறளில் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை ஆகிய மூன்று அதிகாரங்களும் (131 முதல் 133 வரை) கற்பியலின் கடைசியில், நூலே முடியும் இடத்தில் இருப்பது அதனால்தான். சிடுமூஞ்சி ஹீரோவின் கடுகடுப்போ காதலுக்கு முந்தியது, உலகம் முழுவதையும் நோக்கியது, அவளும் அந்த உலகத்தில் ஒருத்தி. கதை நகர நகர அவள் அந்தப் பொதுவிலிருந்து விலகித் தனி ஆளாகிறாள். அவளிடம் மட்டும் அவனுக்குக் கோபம் வராமல் போகிறது. அல்லது அவளிடம் மட்டும் கோபத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்குகிறான். ஒருவகையில், ஊடத் தெரியாத ஒருவன் ஊடும் தகுதிக்கு வந்துசேரும் கதை இது.

எவ்வளவு போட வேண்டும், எப்போது போட வேண்டும்

அளவைப் பற்றி வள்ளுவர் சொன்னதைவிட நன்றாகச் சொல்ல முடியாது:

உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது
மிக்கற்றால் நீள விடல்.

புலவி, அதாவது ஊடல், உணவில் உப்புப் போல அளவாக இருக்க வேண்டும்; கொஞ்சம் நீள விட்டாலும் உப்பு மிகுந்தது போல ஆகிவிடும் என்கிறார். அவர் சொன்னது ஊடலுக்கு. கதையில் வரும் சிடுசிடுப்புக்கும் இதுவே அளவுகோல்.

நீங்களே எழுதிப் பார்க்க நினைத்தால், 40 அத்தியாயத் தொடர் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு அத்தியாயம் அவன் முசுடு என்று காட்டப் போதும். மூன்றாவது அல்லது நான்காவதில், நாயகி பார்க்காமல் வாசகர் மட்டும் பார்க்கும்படி ஒரு கனிவான செயல் வந்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. பத்தாவது அத்தியாயம்வரை அவன் வெறும் முரடனாகவே இருந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுகிறார். அல்லது அவனை வில்லன் என்று முடிவு செய்துவிடுகிறார். பிறகு அவரை மீட்க முடியாது.

பத்தாவது வாக்கில் அவள் ஒரு செயலைப் பார்த்து, தவறாகப் புரிந்துகொள்ளலாம். கடுகடுப்புக்குக் காரணம் பாதியாவது பதினைந்துக்குள் தெரிய வேண்டும். முழங்கால், அப்பாவின் கடன், கடலில் போன அண்ணன், எதுவாக இருந்தாலும் ஒன்று போதும். மூன்று துயரத்தை அடுக்கினால் எதுவும் ஒட்டாது. காரணம் விளக்கமாகத்தான் இருக்க வேண்டும், சலுகைச் சீட்டாக இருக்கக் கூடாது. "எனக்குக் கஷ்டம், அதனால் உன்னைத் திட்டினேன்" என்று அவன் சொன்னால், அவள் "அது உங்க கஷ்டம், இது என் மரியாதை" என்று சொல்லத்தக்கவளாக இருக்க வேண்டும்.

நடுக்கதையில் அவன் உதவி செய்வதை நிறுத்தி, உதவி கேட்க வேண்டும். இது பலருக்குத் தோன்றுவதில்லை. கொடுத்துக்கொண்டே இருக்கும் முசுடு, கடைசிவரை ஒரு கோட்டைக்குள்ளேயே இருக்கிறான். "இந்த டேப்பைக் கொஞ்சம் சுத்தி விட முடியுமா?" என்று அவன் ஒருமுறை கேட்டால் கோட்டைக் கதவு திறக்கிறது. சிரிப்பையும் கணக்குப் பார்த்துச் செலவழியுங்கள். பாதிக் கதைக்கு முன் ஒரு தடவைக்கு மேல் வாய்விட்டுச் சிரிக்க விடாதீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் உதட்டோரம் புன்னகை நெளிந்தால், அந்தப் புன்னகைக்கு விலை போய்விடும்.

முப்பதை ஒட்டிப் பிரிவு வரும். அதை வில்லியோ காணாமல் போன கடிதமோ உண்டாக்கினால் அதுவரை கட்டியது வீண். அவனுடைய மௌனமே பிரிவுக்குக் காரணமாக வேண்டும். வெளியூர் அணிக்குப் போக ஒப்புக்கொண்டுவிட்டு அவளிடம் சொல்லாமல் இருந்தான், அவள் மைக்கில் படிக்கக் கொடுத்த அறிவிப்புத் தாளில் அதைப் பார்த்தாள் என்பது போல. குறை அவனுடையதாக இருந்தால்தான் மன்னிப்பும் அவனுடையதாக இருக்கும். அந்த மன்னிப்பை இந்தத் தடவை அவன் வாயால் கேட்க வேண்டும். கதை முழுக்க அடைத்து வைத்த சொல் என்ற வழி அங்கேதான் முதல்முறையாகத் திறக்கிறது. மறுபடியும் ஒரு செயலைச் செய்து சமாளித்தால் அவன் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

உடம்பு விஷயத்தில் கவனம். முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்தால், மறுபடி போட்டியில் இறங்கப் பெரும்பாலும் 9 மாதம் அல்லது அதற்கு மேல் ஆகும். மூன்று வாரத்தில் இறுதி ஆட்டத்தில் கோல் போட வைத்தால், கடற்கரை ஊர்களில் ஒரு வாசகர்கூட நம்பமாட்டார். எத்தனையோ பையன்கள் அந்த ஒன்பது மாதத்தை வீட்டுத் திண்ணையில் கழித்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சுளுக்கு, விரல் பிசகு போன்றவற்றை வைத்துக்கொண்டால் கதைக்குத் தேவையான வலியும் கிடைக்கும், கால அளவும் பொய்க்காது.

கலகலப்பானவள் அசடு இல்லை

சன்ஷைன் நாயகியைச் சின்னப் பிள்ளையாக எழுதினால் கதை அப்பா–மகள் கதையாகிவிடும். அவள் கலகலப்பு ஒரு திறமை. ரெண்டு மொழிக் கூட்டத்தை மைக் ஒன்றால் கட்டி ஆள்வது லேசான வேலையா? அவளுக்கும் களைப்பு உண்டு. எல்லோரையும் சிரிக்க வைக்கிறவள், சிரிக்காமல் உட்கார அனுமதி உள்ள ஒரே இடம் அவன் பக்கத்து இருக்கை என்று ஆகும்போது அவளுக்கும் அவனால் லாபம். இது இல்லாவிட்டால், அவள் காலம் முழுக்க ஒரு முசுடனுக்கு வைத்தியம் பார்ப்பவளாகத்தான் நிற்பாள். அப்படிப்பட்ட நாவல்களைப் படித்துவிட்டு எரிச்சல் படுகிறவர்கள் சொல்வதில் முழு நியாயம் உண்டு.

அவனுக்குப் பயப்படாத ஒருவரையாவது கதையில் வையுங்கள். சட்டி நிறைய மீன்குழம்பு வைத்து, "லேய், மூஞ்சியத் தூக்கி வச்சது போதும், தின்னு" என்று சொல்லும் பாட்டி இருந்தால், இவனை நேசிக்க முடியும் என்பதற்கு வாசகருக்கு முதல் சாட்சி கிடைத்துவிடும். ஒருவருக்குமே பிடிக்காத ஒருவனை நாயகி மட்டும் நேசித்தால் அவள் புத்தியைத்தான் சந்தேகப்படுவோம்.

கடைசி அத்தியாயத்தில் அவனைக் குணப்படுத்தலாமா?

கூடாது. காதல் வந்ததும் நாயகன் எல்லோரிடமும் குழைந்து பேசத் தொடங்கினால், வாசகர் நாற்பது அத்தியாயம் கூடவே வந்த ஆள் காணாமல் போய்விடுகிறான். அவன் ரெஃப்ரியிடம் இன்னும் முறைக்கட்டும். கமிட்டிக்காரர் செல்ஃபி கேட்டால் இன்னும் முகம் சுளிக்கட்டும். மாற வேண்டியது ஒன்றே ஒன்று: அவளிடம் அவன் வாயைத் திறக்கிறான். களைப்பாக இருந்தால் களைப்பு என்கிறான், பயந்தால் பயம் என்கிறான், சுற்றுவழியில் கூட்டிப்போனால் சுற்றுவழி என்றே சொல்கிறான். முடிவுரை அத்தியாயம் எழுதுவதானால் அதில் ஒரு சின்னச் சண்டையாவது இருக்கட்டும், அதை இருவரும் சேர்ந்து தீர்க்கட்டும். சண்டையே இல்லாத முடிவுரையை வாசகர் நம்புவதில்லை. இந்த இருவரை நன்றாகத் தெரிந்தபின் நம்பவும் முடியாது.